ஆளுக்குத் தக்க ஹேண்டில்

மண்வெட்டிக்குப் பிடி போட ஆசாரிகிட்டப் போனா, மரத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி ஆளைத்தான் பாப்பார். குட்டையா, நெட்டையா, கை நீளம் எவ்வளவு? அதுக்குத் தக்கதான் பிடி. மாட்டு ஏர் ஓடின காலத்துல மேழியும் அப்படித்தான். குனிஞ்சே பிடிக்கிற மாதிரி இருந்தா மத்தியானத்துக்குள்ள முதுகு போயிரும்.

ஆனா இன்னிக்கு நாம தினமும் பிடிக்கிற பிடி, மோட்டார் சைக்கிள் ஹேண்டில். அது மட்டும் ஆளைப் பாக்காமலே வருது. அஞ்சடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே உயரம், ஒரே வளைவு. கம்பெனியைக் குத்தம் சொல்ல முடியாது, லட்சம் பேருக்கு ஒண்ணாத்தானே செய்ய முடியும்! நம்ம உடம்புக்குப் பொருத்திக்கிறது நம்ம வேலை.

இதை நான் யோசிக்கக் காரணம் என் மாடு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு வண்டி வாங்கினேன். முன்னாடி வெச்சிருந்த பையன் பந்தய வண்டி மாதிரி தாழ்வா, நேரான ஹேண்டில் மாட்டியிருந்தான். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. தினமும் தோட்டத்துக்கும் பால் சொசைட்டிக்கும் அதுலதான் போயிட்டு வந்தேன். ரெண்டு வாரத்துல வலது கையில சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போக ஆரம்பிச்சுது. விடியக்காலைல பால் பீச்ச உக்காந்தா பிடி நிக்கல. மடியில பாலை மிச்சம் வெச்சா மாடு நாளுக்கு நாள் பாலைக் குறைச்சுக்கும். கை வலின்னு மாடுகிட்ட லீவு கேக்க முடியுமா?

விஷயம் ரொம்ப சாதாரணம். அந்த ரெண்டு விரலுக்குப் போற நரம்பு, உள்ளங்கையோட அடிப்பக்கத்துல சுண்டு விரல் ஓரமாப் போகுது. ஹேண்டில் தாழ்வா இருந்தா மேல் உடம்போட பாரம் கையில இறங்கும். அதோட இஞ்சின் அதிர்வும் சேர்ந்தா நரம்பு நசுங்குது. நகரத்துல டிராஃபிக்ல ஒரு மணி நேரம் கிளட்சைப் பிடிச்சு விடறவங்களுக்கும் இதே கதைதான்.

உடனே புது ஹேண்டில் வாங்க ஓடாதீங்க. முதல்ல காசில்லாத வேலையைப் பாருங்க. வண்டியை ஸ்டாண்டுல நிறுத்தி ஏறி உக்காருங்க. கண்ணை மூடிக்கிட்டு, தோளைத் தளர்த்தி, கையை முன்னால நீட்டுங்க. முழங்கை லேசா மடங்கி இருக்கணும். கண்ணைத் திறந்து பாருங்க, கை ஹேண்டில்ல இருந்து எவ்வளவு தள்ளி நிக்குதோ அதுதான் குறை. கிளாம்ப் போல்ட்டை லேசாத் தளர்த்தி ஹேண்டிலைக் கொஞ்சம் உங்க பக்கம் திருப்பினாலே பாதி சரியாயிரும். போல்ட்டுகளைத் திரும்ப மாத்தி மாத்தி, ஒரே அளவா இறுக்கணும். அடுத்தது லீவர். விரலை அதுமேல வெச்சா முன்னங்கையும் விரலும் ஒரே கோட்டுல இருக்கணும், மணிக்கட்டு மேல மடங்கக் கூடாது.

இதுக்கும் சரிப்படலைன்னா ஹேண்டிலை மாத்தலாம். பெரும்பாலான வண்டிகள்ல பிடி இருக்கிற இடத்துல குழாய் விட்டம் சுமார் 22 மில்லிமீட்டர், அதனால பொருத்தமானது கிடைக்கிறது கஷ்டமில்ல. எங்க வண்டித்தடம் மாதிரி கல்லும் சேறுமா இருக்கிற இடத்துக்கு அகலமான, உயரமான ஹேண்டில் நல்லது. மெதுவாப் போகும்போது திருப்பறது சுலபம், பள்ளத்துல எந்திரிச்சு நின்னும் ஓட்டலாம். சந்துபொந்துல புகுந்து போறவங்களுக்கு அகலம் கம்மியா இருக்கிறதே தோது. தாழ்வான ஹேண்டில் வேகமாப் போறதுக்கு உண்டானது. வேகத்துல நெஞ்சுல மோதற காத்தே உடம்பைக் கொஞ்சம் தாங்கும். மெதுவாப் போனா அத்தனை பாரமும் மணிக்கட்டுக்குத்தான்.

மாத்தினதும் ஒரு சோதனையை விடவே கூடாது. இஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரல்ல, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்புங்க. சத்தம் தானா ஏறினா ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுதுன்னு அர்த்தம். திருப்பத்துல வண்டி தானாப் பாயும். கிளட்ச் கேபிள், டிஸ்க் பிரேக் டியூப் எதுவும் விறைக்கக் கூடாது. லீவர் டேங்க்குல இடிக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52ஆவது பிரிவு வண்டியோட அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தறதைத் தடுக்குது, அதனால ரொம்ப வித்தியாசமா எதையாவது மாட்டறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கங்க.

எங்க ஊர்க்காரங்களுக்கு எப்பவும் சொல்றது ஒண்ணு, உங்களுக்கும் சொல்றேன். பால் தூக்கையும் காய்கறிப் பையையும் ஹேண்டில்ல தொங்க விடாதீங்க. ஒரு பக்கம் பாரம் இழுத்தா அவசரத்துக்கு வண்டி திரும்பாது. பாரமெல்லாம் பின்னால கேரியருக்கு.

நான் பட்டறையில சொல்லி, பழைய மாடல் வண்டியோட உயரமான ஹேண்டிலைப் போட்டுக்கிட்டேன். இளவட்டங்க "மாமா, தாத்தா வண்டி மாதிரி இருக்கு"ன்னு சிரிக்கறானுங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். ஒரு மாசத்துல விரல்ல உணர்ச்சி திரும்பிருச்சு. இப்ப காலைல பீச்சும்போது தூக்குல பால் விழற சத்தம் பழையபடி கேக்குது.