475 டாலர் சிறுமி!

அட்லாண்டா ஏர்போர்ட்டில் இறங்குகிற எல்லோரும் நேரா வடக்கே பார்த்துக் கிளம்பிடுவாங்க. சிட்டி அங்கேதான் இருக்கு. எம்.எஸ். பண்ண ஜார்ஜியா டெக் போற நம்ம சீனியர்ஸும் அதே ரூட்தான். நீங்க ஒரே ஒரு நாள் மட்டும் தெற்கே திரும்புங்க பாஸ். ஏர்போர்ட்டின் பெரும்பகுதி இருப்பதே கிளேட்டன் கவுன்ட்டி மண்ணில்தான். கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. அதே கவுன்ட்டிக்குள் கொஞ்ச நேரம் கார் ஓட்டினா ஒரு சின்ன ஊர் வரும். பேரு ரெக்ஸ்.

கேட்டா பக்கத்து வீட்டு நாய்க்குட்டி பேர் மாதிரி இருக்குல்ல? அங்கே 2012-ல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். போர்த் தளபதிக்கோ, கவர்னருக்கோ இல்லை. அந்த ஊர்ப் பண்ணையில் அடிமையாக இருந்த மெல்வினியா என்ற பெண்ணுக்கு. யார் இந்த மெல்வினியா? அமெரிக்காவின் முதல் பெண்மணியாக 2009 முதல் 2017 வரை வெள்ளை மாளிகையில் வாழ்ந்த மிஷேல் ஒபாமாவின் எள்ளுத்தாத்தாவைப் பெற்ற தாய்!

எள்ளுத்தாத்தாவுக்கு மேலே போனா நமக்கு உறவுமுறைப் பேரே சட்டுனு வாயில் வராது. பேருக்கே மரியாதை தராத காலத்தில் வாழ்ந்த ஒருத்தியை 150 வருஷம் கழிச்சு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? அதான் மேட்டர்!

ரிவர்ஸ் கியர் போடுங்க!

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு குடும்பத்தின் வேரைத் தேடணும்னா முதல் விதி, இன்றிலிருந்து பின்னோக்கிப் போகணும். நம்ம டேட்டா ஸ்ட்ரக்சர் கிளாஸ் லிங்க்டு லிஸ்ட் மாதிரிதான். ஒரு நோடு கிடைச்சாத்தான் அதுக்கு முந்தின நோடு.

ரயில் தண்டவாளம் மாதிரி நமக்கு உதவுறது சென்சஸ். 1790 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் எடுத்திருக்காங்க. பேரோடு இருக்கும் தாள்களை 72 வருஷம் பூட்டி வெச்சு, அப்புறம்தான் பொதுமக்களுக்குத் திறப்பாங்க. 1950 சென்சஸ் 2022 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. அங்கிருந்து 1940, 1930, 1920, 1910, 1900-ன்னு தடதடன்னு இறங்கலாம். 1890-ல் வண்டி டமால்னு நிற்கும். 1921-ல் வாஷிங்டனில் ஒரு கட்டடத்தில் பிடித்த தீயிலும், அதை அணைக்க ஊற்றிய தண்ணீரிலும் அந்த வருஷத் தாள்கள் நாசமாகிவிட்டன. மிச்சம் இருப்பது சொற்பம். 1881-ல் பிறந்த ஒரு பையன் 1900-க்குள் வீட்டை விட்டுப் போயிருந்தா, அப்பா அம்மாவோடு அவன் இருந்ததற்கு சென்சஸ் சாட்சியே இருக்காது. ஒரு தீ, இருபது வருஷ ஓட்டை!

இன்னொரு தலைவலி ஸ்பெல்லிங். வீட்டுக்காரருக்கு எழுதத் தெரியாது, கணக்கெடுப்பவர் காதில் விழுந்ததை எழுதுவார். ஷீல்ட்ஸ் என்ற ஒரே குடும்பப் பேரை ஆங்கிலத்தில் நாலு விதமா எழுதினா எப்படித் தேடுவது? இதுக்கு 1918-லேயே பேட்டன்ட் வாங்கிய ஒரு ஐடியா இருக்கு. பேரு ‘சவுண்டெக்ஸ்’. முதல் எழுத்தை அப்படியே வெச்சுக்கணும். உயிரெழுத்தையெல்லாம் தூக்கிடணும். மிச்ச மெய்யெழுத்துகளில் ஒரே மாதிரி ஒலிக்கிறதுக்கு ஒரே நம்பர். ‘எல்’லுக்கு 4, ‘டி’க்கு 3, ‘எஸ்’ஸுக்கு 2. ஆக, ஷீல்ட்ஸை நடுவில் எந்த உயிரெழுத்துப் போட்டு எழுதினாலும் கோடு எஸ்-432தான்! 1930-களில் சென்சஸ் அட்டைகளை இந்த முறையில்தான் அடுக்கினாங்க. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே ஹேஷிங்! நம்ம ஹெச்.ஓ.டி. கேட்டா சந்தோஷப்படுவார்.

சிகாகோ டு பர்மிங்ஹாம்

2009-ல் வம்சாவளி ஆராய்ச்சியாளர் மேகன் ஸ்மோலென்யக்கும் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையும் சேர்ந்து மிஷேலின் அம்மா வழியைத் தோண்டினார்கள். மிஷேல் சிகாகோ பொண்ணு. அம்மா மரியன். தாத்தா பர்னல் ஷீல்ட்ஸ், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் இருந்து சிகாகோ வந்தவர். கொள்ளுத்தாத்தா ராபர்ட் லீ ஷீல்ட்ஸ், ரயில்வேயில் போர்ட்டராக இருந்தவர். 1906-ல் கல்யாணம். 32 வயது வாக்கில் எல்லா ரெக்கார்டிலிருந்தும் காணாமல் போயிடுறார். அவர் என்ன ஆனாருன்னு எந்தத் தாளும் சொல்லலை.

ஆனா, அவரோட அப்பா டால்ஃபஸ் ஷீல்ட்ஸ் பளிச்சுனு கிடைக்கிறார். பர்மிங்ஹாம் 1871-ல்தான் உருவான இரும்பு நகரம். டால்ஃபஸ் அங்கே கார்பென்டர். 1900 சென்சஸ், வீடு சொந்தமா வாடகையான்னு கேட்டது. இவருக்குச் சொந்த வீடு! 1911 வாக்கில் மரவேலையும் கருவிகளுக்குச் சாணை பிடிப்பதுமாக சொந்தக் கடை. இரண்டு தேவாலயங்களைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1950-ல், 91 வயதில் இறந்தார். அந்த ஜூன் மாதம் அவருடைய மரணச் செய்தியை முதல் பக்கத்தில் போட்ட ‘பர்மிங்ஹாம் வேர்ல்டு’ பத்திரிகையின் அன்றைய தலைப்புச் செய்தி என்ன தெரியுமா? கல்லூரிகளிலும் ரயிலின் உணவுப் பெட்டிகளிலும் கறுப்பர்களை ஒதுக்கி வைக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு! அடிமையாகப் பிறந்தவரின் கடைசிச் செய்தியும், அந்தத் தீர்ப்பும் ஒரே தாளில். சினிமாவில் வெச்சா நம்ப மாட்டோம்.

1870 என்கிற சுவர்

டால்ஃபஸைப் பிடிச்சு இன்னும் பின்னாடி போனா, 1870. இங்கேதான் கறுப்பினக் குடும்பங்களைத் தேடுகிற எல்லோரும் முட்டிக்கொள்வாங்க. ‘1870 சுவர்’னே இதுக்குப் பட்டப்பேர். காரணம் சிம்பிள், கொடூரம். 1865-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு எடுத்த முதல் சென்சஸ் இதுதான். முன்பு அடிமைகளாக இருந்த எல்லோரும் பேரோடு பதிவானது இதில்தான் முதல்முறை. அதுக்கு முந்தின 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். எஜமானர் பேரு கொட்டை எழுத்தில். கீழே வயசு, ஆணா பெண்ணா, நிறம். பேரு எழுதுற இடமே கிடையாது! 1860-ல் இப்படி எண்ணப்பட்டவர்கள் சுமார் 39.5 லட்சம் பேர். அத்தனை பேரும் வெறும் ரோல் நம்பர் மாதிரி. நமக்காவது ரோல் நம்பருக்குப் பக்கத்தில் பேர் போடுறாங்க.

1870 தாளில் மெல்வினியா இருக்கிறாள். ஊர், ரெக்ஸ் பக்கம். கூடவே நாலு குழந்தைகள். அதில் மூணு பேருக்கு எதிரே ‘கலப்பினம்’ என்று குறிப்பு. அப்பா யாருன்னு கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

சுவரைத் தாண்ட ஒரே வழி, எஜமானரின் தாள்களைத் தேடுவது. ஏன்னா, சட்டப்படி அவர்கள் சொத்து. சொத்துன்னா உயிலில் வரணும், வரி ரசீதில் வரணும், விற்பனைப் பத்திரத்தில் வரணும். மனுஷங்களைத் தேடி சொத்துப் பட்டியலைப் புரட்டுவது... படிக்கிறப்பவே தொண்டை அடைக்குதுல்ல?

ரெக்ஸிலிருந்து காரில் வடகிழக்கே சுமார் 300 கி.மீ. போனா தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க். அங்கே டேவிட் பேட்டர்சன் என்ற பண்ணைக்காரர் 1850-ல் உயில் எழுதினார். ராட்டை, அரிவாள், மேஜை விரிப்பு, மாடுகள் என்று பிரித்துக் கொடுக்கிற பட்டியலுக்கு நடுவில் மெல்வினியா என்ற ஆறு வயசுச் சிறுமி. 1852-ல் அவர் செத்ததும் சொத்துகளுக்கு மதிப்புப் போட்டார்கள். மெல்வினியாவின் விலை, 475 டாலர். அப்படித்தான் அவள் பேட்டர்சனின் மகளுக்கும் மருமகன் ஹென்றி ஷீல்ட்ஸுக்கும் போய், ஜார்ஜியாவுக்கு வந்தாள். பழைய பண்ணையில் அடிமைகள் 21 பேர். புது இடத்தில் மூணே பேர். அந்தக் குழந்தை யாரை விட்டுட்டு வந்ததோ!

ஷீல்ட்ஸ் பண்ணையில் என்ன வேலைன்னு சொல்றது 1860 விவசாயக் கணக்கெடுப்பு. கோதுமை, சோளம், சர்க்கரைவள்ளி, பருத்தி. 3 குதிரை, 5 பசு, 17 பன்றி, 20 ஆடு. பன்றியைக்கூட கரெக்டா எண்ணி எழுதிய அதே அரசாங்கம்தான், அதே வருஷம், மெல்வினியாவின் பேரை எழுதவில்லை.

‘கான் வித் த விண்ட்’ நாவலில் வருகிற பணக்காரப் பண்ணையும் இதே கிளேட்டன் கவுன்ட்டியில், இதே காலத்தில் நடப்பதாக எழுதப்பட்டதுதான். நாவல் 1936-ல் வந்தது, படம் 1939-ல். நடுவில் 1938-ல் மெல்வினியா இறந்துபோனார். உலகம் முழுக்க ஓடியது அந்தக் கதை. இந்தக் கதை வர 2009 ஆச்சு.

பக்கத்து வரியைப் படிங்க!

கணக்கெடுப்பவர் வீடு வீடாக நடந்து எழுதுவார். அதனால, உங்க ஆளுக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் வரிகள்தான் அவரோட அக்கம்பக்கம். 1870-ல் மெல்வினியா கூலி வேலை பார்த்த நிலத்தை ஒட்டி இருந்தது, ஹென்றியின் மகன் சார்லஸ் ஷீல்ட்ஸின் நிலம். 2009-ல் இது ஒரு சந்தேகம் மட்டும்தான். 2012-ல் பத்திரிகையாளர் ரேச்சல் ஸ்வார்ன்ஸ் எழுதிய ‘அமெரிக்கன் டேப்பஸ்ட்ரி’ புத்தகத்துக்காக, கறுப்பின ஷீல்ட்ஸ், வெள்ளையின ஷீல்ட்ஸ் இரண்டு கிளைகளிலும் டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தார்கள். சொந்தம் உறுதியானது. டால்ஃபஸின் அப்பா பெரும்பாலும் சார்லஸ்தான் என்ற முடிவுக்கு வந்தார் ஸ்வார்ன்ஸ்.

இதைக் காதல் கதை ஆக்கிடாதீங்க, ப்ளீஸ். டால்ஃபஸ் பிறந்தப்போ மெல்வினியாவுக்கு வயசு பதினைந்தைச் சுற்றித்தான். ‘முடியாது’ன்னு சொல்லும் உரிமையை எந்தச் சட்டமும் அவளுக்குத் தரலை. டி.என்.ஏ. அப்பா யாருன்னு சொல்லும். என்ன நடந்ததுன்னு சொல்லாது. நினைவுக்கல் திறந்த அன்று இரண்டு நிறத்து வாரிசுகளும் ரெக்ஸில் ஒண்ணா நின்னாங்க. அது லேசான விஷயம் இல்லை.

பூட்டப் பார்த்த கதவு

ரெக்ஸுக்கு மிக அருகில் மாரோ என்ற ஊர். ஜார்ஜியா மாநில ஆவணக் காப்பகம் அங்கேதான். பக்கத்திலேயே தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்லாண்டா கிளை. மெல்வினியா மாடு மேய்த்த அதே கவுன்ட்டியில்! அனுமதி இலவசம். பழைய தாள் வேணும்னா பேனாவை வெளியே வெச்சுட்டு பென்சிலோடு போங்க.

நினைவுக்கல் வைத்த அதே 2012-ல், பட்ஜெட் வெட்டு என்று சொல்லி, ஜார்ஜியா காப்பகத்தைப் பொதுமக்கள் சும்மா வந்து பார்க்க முடியாதபடி மூடப்போவதாக அறிவித்தார்கள். குடும்ப வேர் தேடுகிறவர்களும் வரலாற்று ஆசிரியர்களும் கொதிச்சுப் போய்ப் போராட, முடிவு மாறியது. 2013-ல் காப்பகம் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் கைக்குப் போனது. யோசிச்சுப் பாருங்க. கல்லுக்கு ரிப்பன் வெட்டுவது ஈஸி. தாளைக் காப்பாத்துவதுதான் கஷ்டம். தாள் இல்லைன்னா கல்லே வந்திருக்காது.

தேட ஆசையா? சில டிப்ஸ்!

* அடிமை முறை முடிந்ததும் 1865-ல் அரசு தொடங்கிய ‘ஃப்ரீட்மென்ஸ் பியூரோ’ 1872 வரை இயங்கியது. கூலி ஒப்பந்தம், ரேஷன், கல்யாணப் பதிவு எல்லாம் அதில் உண்டு.

* ‘ஃப்ரீட்மன்ஸ் வங்கி’ 1865-ல் திறந்து 1874-ல் திவாலானது. பணம் போச்சு. ஆனா, கணக்குத் திறக்கும் படிவத்தில் அப்பா, அம்மா, அண்ணன் தம்பி பேரெல்லாம் கேட்டு எழுதினதால் அது இன்னிக்குத் தங்கச் சுரங்கம்.

* நியூ ஆர்லியன்ஸில் வந்த ஒரு கிறிஸ்துவப் பத்திரிகையில் ‘தொலைந்த நண்பர்கள்’ என்று ஒரு பகுதி. விற்கப்பட்டுப் பிரிந்த அம்மாவை, தங்கையைத் தேடி மக்கள் கொடுத்த விளம்பரங்கள். சந்தாதாரர் அல்லாதவர்களுக்குக் கட்டணம் 50 சென்ட். பாதிரியார்கள் அதைச் சபையில் சத்தமாக வாசிக்கணும் என்றும் பத்திரிகை கேட்டுக்கொண்டது.

* எஜமானர் குடும்பப் பேருதான் அடிமைக்கும் இருக்கும்னு முடிவு பண்ணிடாதீங்க. பலர் விடுதலையானதும் தங்களுக்குப் பிடிச்ச பேரை வெச்சுக்கிட்டாங்க.

* பியூரோ தாள்களில் இருக்கும் பேர்களை 2015-16-ல் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே டைப் செய்து முடித்தார்கள். இப்படி இன்னும் எத்தனையோ தாள்கள் காத்திருக்கு. இன்டர்நெட்டும் பொறுமையும் இருந்தா போதும்.

செமஸ்டர் லீவில் என்ன பண்ணலாம்னு விட்டத்தைப் பார்க்கிறீங்கன்னா, கடைசியா ஒரு தாளைச் சொல்லிடுறேன். 1938-ல் தொண்ணூறு வயதைத் தாண்டி இறந்த மெல்வினியாவின் இறப்புச் சான்றிதழ். உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட்டது. அதில் பெற்றோர் பெயர் என்ற கட்டத்துக்கு எதிரே எழுதியிருப்பது, ‘தெரியாது’.

தென் கரோலினாவின் ஏதோ ஒரு கோர்ட் அலமாரியில், இன்னும் யாரும் டைப் செய்யாத ஒரு பக்கத்தில், அந்தப் பதில் இருந்தாலும் இருக்கலாம்!