ஒற்றைக் கை பேக்ஹேண்டும் நாலரை அடி மகளும்

மட்டாஞ்சேரி கிளைக்கு மாற்றலாகி வந்து ஏழு மாசம் ஆச்சு. வீட்டம்மாவும் மகளும் திருநெல்வேலியில். ஞாயிற்றுக்கிழமை பஜார் ரோடு அடங்கிக் கிடக்கும். நான் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சுக்கு குடோன், நல்ல உயரமான சுவர். அதுதான் என் டென்னிஸ் கோர்ட். எத்தனை தடவை அடித்தாலும் சலிக்காமல் திருப்பி அனுப்பும். "சாறே, கை போகும்" என்பார் குடோன் காவலாளி. போய்க்கொண்டுதான் இருக்கிறது, முழங்கையில் வலி.

போன வாரம் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். பதினொரு வயசு. பேக்ஹேண்டை இரண்டு கையால் அடிக்கிறாள். கோச் மாற்றிவிட்டாராம். எனக்குச் சுருக்கென்றது. ஒற்றைக் கை பேக்ஹேண்ட் எங்கள் குடும்பச் சொத்து மாதிரி. அப்பா விஜய் அமிர்தராஜ் பைத்தியம். 1973 விம்பிள்டன் காலிறுதியில் அவர் கோடெஸிடம் ஐந்தாவது செட்டில் 7-5 என்று தோற்றதை நேற்று நடந்த மாதிரி சொல்லுவார். நான் ரோகன் போபண்ணா பைத்தியம். அவர் 1980இல் பிறந்தவர், கிட்டத்தட்ட என் வயசு.

கோச்சிடம் சண்டை போட ஆதாரம் வேண்டுமே? ராத்திரி உட்கார்ந்து போபண்ணாவின் ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் (வவுச்சர் சரிபார்க்கிற புத்தி எங்கே போகும்).

பந்து வருமுன்பே இடது கை மட்டையின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது. தோள் திரும்பி, முதுகு கொஞ்சம் எதிராளிக்குத் தெரிகிறது. வலது கால் முன்னே. பந்தைச் சந்திப்பது அந்தக் காலுக்கும் முன்னால், கை நீட்டியபடி. அதே நொடியில் இடது கை பின்பக்கமாக விரிகிறது. அது விரியாவிட்டால் மார்பு சீக்கிரம் திறந்து பந்து திசை மாறிவிடும். வேகம் காலிலிருந்தும் தோளிலிருந்தும் வருகிறது, மணிக்கட்டிலிருந்து இல்லை. நானோ பந்தைத் தாமதமாகப் பிடித்து, முழங்கையை மடக்கி, மணிக்கட்டால் தட்டுகிறேன். வலிக்காமல் என்ன செய்யும்?

அப்புறம்தான் உறைத்தது. ஒரு கையால் அடிக்கத் தோதான உயரம் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே. தோளுக்கு மேலே போனால் ஒற்றைக் கைக்கு பலம் கிடையாது. போபண்ணா ஆறடி மூன்றங்குலம். நாலடி எழும்பி வரும் பந்து அவருக்கு இடுப்புக்குச் சற்று மேலே. நாலரை அடி மகளுக்கு அதே பந்து முகவாய்க்கட்டைக்கு வரும்! அப்பா காலத்துக் கதை வேறு. 1974 வரை நாலு கிராண்ட்ஸ்லாமில் மூன்று புல்தரையில். அங்கே பந்து எழும்பாது.

உயரத்துக்கும் ஒரு வரி உண்டு. தாழ்வான பந்துக்கு முட்டி மடங்கியாக வேண்டும். போபண்ணாவுக்கு முட்டிக் குருத்தெலும்பு தேய்ந்துபோய், ஐயங்கார் யோகாதான் கைகொடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த முட்டிகளோடு 43 வயதில், 2024 ஜனவரியில், எப்டனுடன் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம், கூடவே இரட்டையரில் உலக முதலிடம். அடுத்த மாசமே ஒற்றையர் தரவரிசையில், 1973இல் அது தொடங்கியதிலிருந்து முதல்முறையாக, முதல் பத்து பேரில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர் ஒருவர்கூட இல்லாமல் போனார். போபண்ணாவும் 2025 நவம்பரில் ஓய்வு அறிவித்துவிட்டார்.

கோச்சுக்கு போன் போடவில்லை. மகளுக்குத்தான் போட்டேன்.

"அப்பா, ரெண்டு கைல அடிக்கேன்னு கோவமா?"

வீட்டம்மா ஏதோ சொல்லியிருக்கிறாள்.

"இல்லம்மா. ரெண்டு கையாலயே அடி. ஸ்லைஸ் மட்டும் ஒரு கையால கத்துக்கலாம், ரெண்டு கைக்காரங்களும் அதை அப்படித்தான் அடிப்பாங்க."

"நீங்க சொல்லித் தருவீங்களா?"

ரெண்டாவது சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். அதுவரை சுவரில் ஸ்லைஸ் மட்டும்தான். முட்டியை மடக்கி :-)