வழியோரத்தில் ஓர் இரவு

ஓடுகின்றவரைப் பற்றி எழுதுவோர் பலர். வழியோரத்தில் அவருக்காகக் காத்து நிற்பவரைப் பற்றி எழுதுவோர் சிலரே. பணி நிமித்தம் அமெரிக்காவில் தங்கியிருந்த நாளில், அவ்வாறு காத்து நிற்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் 'வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்' என்னும் நூறு மைல் மலைப்பாதை ஓட்டம் நடைபெறுகின்றது. 1974-ஆம் ஆண்டு அவ்வழியே நடந்த குதிரைப் பந்தயத்தில், கோர்டி ஐன்ஸ்லீ என்பார் குதிரையின்றித் தம் கால்களையே நம்பி ஓடி, 24 மணி நேரத்திற்குள் முடித்தார். அதுவே இதன் தோற்றுவாய். ஜூன் மாத இறுதியில், சனிக்கிழமை காலை 5 மணிக்கு ஒலிம்பிக் பள்ளத்தாக்கில் புறப்படுவோர், மறுநாள் காலை 11 மணிக்குள் ஆபர்ன் நகரத்துப் பள்ளி மைதானத்தை அடைதல் வேண்டும். ஏறும் உயரம் ஏறத்தாழ 18,000 அடி. இறங்குவதோ 23,000 அடி. இதில் இடம் பெறுவதே அரிது. தகுதி பெற்ற ஆயிரக்கணக்கானோருள் சில நூற்றுவரே சீட்டுக் குலுக்கலில் தேர்வாவர்.

நம்முடன் பணியாற்றிய நண்பர் இருவர் அவ்வாண்டு ஓடினர். அவருள் மூத்தவர் அவ்வாய்ப்பிற்காக ஆறு ஆண்டுகள் காத்திருந்தவர். 62-ஆம் மைலில் உள்ள ஃபாரஸ்ட்ஹில் என்னும் சிற்றூரில் காலுறை, பனிக்கட்டி, உணவு, நெற்றி விளக்கு ஆகியவற்றுடன் காத்திருப்பதே நம் கடமை. குறித்த நிலையங்களிலன்றி இடைவழியில் உதவுதல் விதிக்குப் புறம்பாகும்.

இருள் சூழ்ந்தபின் இளையவர் வந்தார். காலுறை மாற்றி, சூப் அருந்தி, ஐந்தே நிமிடத்தில் அகன்றார். நெடுநேரம் கழித்து மூத்தவர் வந்தார். பகலெல்லாம் பள்ளத்தாக்கின் வெம்மை அவரை வாட்டியிருந்தது. அவரைக் கண்டதும் நம் நெஞ்சு பதைத்தது. நாற்காலியை விரித்து அமர்த்தினோம், போர்வையும் போர்த்தினோம். அருகில் நின்ற அனுபவசாலி ஒருவர், "அமர்த்தாதீர்கள், பிறகு எழுவது கடினம்" என்றார். நாம் செவிமடுக்கவில்லை. மருத்துவர் பார்த்து, அஞ்சத்தக்கது ஏதுமில்லை என்று கூறிச் சென்றார்.

"எனக்கு நேரம் இருக்கிறதா?" என்று கேட்டார் நண்பர்.

நேரம் இருந்தது. ஆயினும் நாம் அதைச் சொல்லவில்லை. "இவ்வளவு வந்ததே போதும்; உடம்பைப் பாருங்கள்" என்றோம். அவர் நம் முகத்தைச் சற்று நேரம் நோக்கினார். பின்னர் அலுவலரை அழைத்து, விலகுவதாகத் தெரிவித்துவிட்டார்.

அரைமணி நேரம் கழிந்தது. சூடான சூப் அருந்தியவர் தெளிவுற்று எழுந்தார், தள்ளாடாமல் நடந்தார். விலகியவர் மீண்டும் ஓட இயலாது. அவர் நடந்த நடை நம்மைச் சுட்டது.

மறுநாள் காலை ஆபர்ன் மைதானத்தில் மக்கள் திரண்டிருந்தனர். அங்கே கடைசி ஒரு மணி நேரத்தில் வருவோர்க்கே வரவேற்பு மிகுதி. 2015-இல் குன்ஹில்ட் ஸ்வான்சன் என்னும் 70 வயது மூதாட்டி, கெடு முடிய ஆறே வினாடிகள் இருக்கையில் எல்லைக்கோட்டைக் கடந்த மைதானம் அது. பத்தரை மணிக்குப் பின் நம் இளைய நண்பர் உள்ளே நுழைந்தார். அவருக்காகத் தொண்டை கம்மக் குரல் கொடுத்தவர், முந்தைய இரவு விலகிய மூத்தவரே! பொறாமையின் சாயலும் அவர் முகத்தில் இல்லை.

திரும்பும் வழியில் அவரிடம் மன்னிப்புக் கோரினோம். "எழாதவன் நான்தானே, உங்கள்மீது குறையில்லை. ஆயினும் இனி நான் நேரம் கேட்டால், நேரத்தைச் சொல்லுங்கள்" என்றார்.

மாணவ நண்பர்களே! பெரியோர்களே! தேர்விலும் தொழிலிலும் நம்மவர் சோர்ந்து அமரும் வேளை வரும். மெய்யாகவே ஆபத்து எனில் தடுப்பது நம் கடமை. அஃதில்லாதபோது, அவர் களைப்பைக் கண்டு நாம் அஞ்சி, அந்த அச்சத்திற்கு இரக்கம் என்று பெயரிடலாகாது. வழியோரத்தில் நிற்பவர் சொல்லும் ஒரு சொல், ஓடுபவரின் ஆறு ஆண்டுகளை முடித்துவிடக்கூடும்.