மலையும் எஞ்சினும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, எதனைப் பற்றி எழுதுவதெனச் சிந்தித்தேன். சமயத்தையும் இலக்கியத்தையும் பற்றி எழுத வல்லார் நம் பழைய மாணவருட் பலர் உளர். யானோ மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மருந்தாளனாக முப்பதாண்டுகளுக்கு மேற் பணிபுரிந்தவன். அக்காலமெல்லாம் என்னைச் சுமந்து திரிந்தது மோட்டார் சைக்கிள். ஆதலின், அதனை ஆக்குவோர் ஒரு புதிய எஞ்சினை எவ்வாறு உருவாக்கிச் சோதித்துப் பல வண்டிகளிற் பொருத்துகின்றனர் என்பது பற்றிச் சில கூறத் துணிகின்றேன்.

எஞ்சினின் நான்கு வீச்சுக்களை நம் கல்லூரி விஞ்ஞான வகுப்பிலே கரும்பலகையிற் படித்தோம். உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்று அவற்றை ஒப்புவிக்காத மாணவன் இல்லை. ஆயின் எஞ்சின் உறிஞ்சும் காற்று எல்லா இடத்தும் ஒரு தன்மைத்தன்று என்பதை மலையே எனக்குக் கற்பித்தது. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அமுக்கம் யாழ்ப்பாணத்திலுள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. யாழ்ப்பாணத்தின் காற்றுக்கு அளந்து வைத்த பெற்றோலை அங்கும் ஊட்டினால், எரிவதற்குக் காற்றுப் போதாமற் கரியே மிஞ்சும்.

அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் நான் பணியேற்ற மூன்றாம் ஆண்டில், புதிதாக வந்த வண்டியொன்றை வாங்கினேன். அதனை ஆக்கிய நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. சிறிய வண்டியொன்றுக்கென அமைத்த எஞ்சினைச் சற்றே பெருப்பித்து, கனத்த சட்டத்திற் பொருத்தியிருந்தார்கள். சம தரையில் அது குதிரையெனப் பாய்ந்தது. ஒரு நாள் நள்ளிரவில் மேற்பிரிவு லயத்திலிருந்து ஆள் வந்தான். "ஐயா, பொஞ்சாதிக்கு வலி கண்டு ரொம்ப நேரமாச்சு. மருத்துவிச்சியம்மா ஒங்கள ஒடனே கூட்டியாரச் சொன்னாங்க" என்றான். அவனைப் பின்னே ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பனிமூட்டத்தினூடே மூன்றாம் வளைவு ஏறும்போது எஞ்சின் இருமியது, பின்னர் அடங்கியது. எத்தனை முறை உதைத்தும் உயிர்க்கவில்லை. மருந்துப் பெட்டியை அவன் தலையில் வைத்துக்கொள்ள, இருவரும் இரண்டு மைல் நடந்தோம். நாங்கள் சேர்வதற்கு முன்னரே, மருத்துவிச்சியின் கைவன்மையாற் குழந்தை பிறந்திருந்தது. தாய்க்கும் தீங்கில்லை. அது தெய்வத்தின் அருள்.

மறுநாள் அட்டன் மெக்கானிக் ஒருவர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார்; அடுப்புக்கரி போலிருந்தது. காபுரேற்றரின் ஜெட்டை மாற்றிச் சிறியதொன்றை இட்டார். சிறு பித்தளைத் துண்டு ஒன்றில் ஊசித்துளை. அதன் அளவே அன்றைய இரவின் இடருக்குக் காரணம். இவ்வெஞ்சினைச் சோதித்தவர் இத்தகைய ஏற்றத்தில், இத்தகைய குளிரில் ஒருமுறையேனும் ஓட்டிப் பார்த்தாரா என்ற வினா அன்று என்னுள் எழுந்தது. பின்னர் இத்துறை பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன்.

சிறந்த உதாரணம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. இங்கிலாந்தில் றெடிச் நகரிலிருந்த ரோயல் என்பீல்ட் நிறுவனத்தார், தமது புதிய புல்லட்டை விற்பனைக்கு விடுமுன், 1948ஆம் ஆண்டு இத்தாலியின் சன் ரெமோவில் நடந்த ஆறு நாட் சோதனை ஓட்டத்துக்கு அனுப்பினர். அதனை ஓட்டிய இருவர் பொற்பதக்கம் பெற்றனர். அதன் பின்னரே 1949இல் அது சந்தைக்கு வந்தது. 1955இல் சென்னையில் என்பீல்ட் இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் அவ்வண்டியை ஆக்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் மூல நிறுவனம் மறைந்த பின்னரும் சென்னை அதனைக் காத்தது. உருளையின் விட்டம் 70 மில்லிமீற்றர், வீச்சு 90 மில்லிமீற்றர் என்னும் அளவு எழுபதாண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

2020ஆம் ஆண்டு நவம்பரில் அந்நிறுவனத்தார் 349 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள புதிய எஞ்சினை மீற்றியோர் என்ற வண்டியில் வெளியிட்டனர். அதிர்வைத் தணிக்கச் சமனிடும் தண்டொன்று அதில் உண்டு. அதே எஞ்சின் 2021இற் கிளாசிக்கிலும், 2022இல் ஹன்ரரிலும், 2023இற் புல்லட்டிலும் ஏறியது. செலவு குறையும், உதிரிப்பாகம் எளிதிற் கிடைக்கும், ஒன்றிற் கண்ட குறையை அனைத்திலும் திருத்தலாம். ஆயினும் ஒன்றிற் தேறியது மற்றொன்றிற் தானே தேறிவிடாது. கிளாசிக் 195 கிலோகிராம். ஹன்ரர் 181 கிலோகிராம். எடையும் சில்லின் அளவும் மாறும்போது, பெற்றோல் ஊட்டும் அளவையும் தீப்பொறி எழும் நேரத்தையும் மீண்டும் வகுத்து, மீண்டும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

அச்சோதனை பல படிகளை உடையது. முதலில் எஞ்சினை மேடையிற் பூட்டி, அதன் வலுவை அளக்கும் கருவியுடன் இணைத்து, நூற்றுக்கணக்கான மணி நேரம் முழுச் சுமையுடன் ஓட்டுவர். நன்கு சூடேற்றி உடனே குளிரவைத்து, வெடிப்புக் காண்கின்றதா எனப் பார்ப்பர். பின்னர்ப் பழைய வண்டியொன்றின் சட்டத்திற் பொருத்தித் தெருவுக்குக் கொண்டுவருவர். வெயில், மழை, தூசு, மலை ஆகிய யாவற்றிலும் ஓட்டிய பின், கழற்றி ஒவ்வோர் உறுப்பின் தேய்வையும் அளப்பர். இக்காலத்து எஞ்சினிற் காற்றின் அமுக்கத்தை உணர்ந்து பெற்றோலைக் குறைத்தூட்டும் கருவி உண்டு. ஜெட்டை மாற்றும் தொல்லை இல்லை. ஆனால் இல்லாத காற்றை அக்கருவியும் படைத்துத் தர இயலாது. மலையில் வலு குறையவே செய்யும். அதனை எண்ணியே பல்லிணைகளை அமைத்தல் வேண்டும்.

இம்முறை மலைநாட்டார்க்குப் புதிதன்று. 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலையிலிருந்து, ஒரு புதிய தேயிலை இனத்தைத் தோட்டங்களுக்குப் பரிந்துரைக்குமுன் வெவ்வேறு உயரங்களிலும் மண்ணிலும் நட்டுப் பல்லாண்டு பார்க்கின்றது. ஓரிடத்திற் கொழிப்பது மற்றோரிடத்தில் வாடலாம் என்பதைத் தேயிலை அறிந்தோர் யாவரும் அறிவர். நுவரெலியாவில் மகாகஸ்தொட்டைத் தோட்டத்து ஏற்றத்திலே 1934இல் தொடங்கிய மலையேற்றப் போட்டியைக் கண்டவர்களும், எஞ்சினின் மெய்வன்மை எங்கே வெளிப்படும் என்பதை அறிவர்.

2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது; 2025இலேயே மீண்டும் அனுமதித்தது. அவ்வைந்தாண்டுகளும் மலைநாட்டிற் பழைய எஞ்சின்களே மருந்தையும் ஆசிரியரையும் மரக்கறிக் கூடையையும் சுமந்தன. எங்கோ ஒரு மேடையில் எவரோ பொறுமையோடு நடத்திய சோதனையின் பயனை, அவரை என்றும் காணாத நம் மக்கள் பெற்றார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களிற் சிலர் நாளை பொறியியலாளராவீர்கள். சிலர் மருந்தோ, பாலமோ, சட்டமோ ஆக்குவீர்கள். நீங்கள் ஆக்குவதைச் சம தரையில் ஓட்டிப் பார்த்தவுடன் மனநிறைவு கொள்ளற்க. நள்ளிரவில், பனியில், நோயாளியை நாடி ஏற்றத்தில் ஏறும் ஒருவனை மனத்திற் கொண்டு, அவன் பொருட்டு மற்றுமொரு முறை சோதித்துப் பாருங்கள். அவ்வாறு செய்வோரை நம் கல்லூரி தொடர்ந்து ஈன்று தருவதாக.