வலிக்கு முந்தைய நாள்

எங்கள் அண்ணிக்கு இனிப்பு அவ்வளவாக ஆகாது. தீபாவளி அதிரசத்தைக்கூட ஒரு விள்ளல் கிள்ளிப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். அப்படிப்பட்டவர் எப்போதாவது ஒரு நாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்து, "தம்பி, முக்குக் கடையில கடலை மிட்டாய் வாங்கிட்டு வர்றியா?" என்பார். எனக்குக் கொண்டாட்டம், பாதி என் பங்காயிற்றே!

மறுநாள் அண்ணி எழுந்திருக்க மாட்டார். சன்னலைச் சாத்திய அறையில் ஒரு பக்கப் பொட்டை அழுத்திக்கொண்டு கிடப்பார். தாளிக்கிற வாசம் வந்தாலே குமட்டும். தட்டு விழுகிற சத்தம் தலைக்குள் இறங்கும். "மிட்டாய் தின்ன வினை" என்பார் அம்மா. "வேலைக்கு டிமிக்கி" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அதே மிட்டாயில் பாதியைத் தின்ற எனக்கு ஏன் வலிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பங்கை இழக்க நான் என்ன முட்டாளா!

விடை கிடைத்தது என் மகளுக்கு ஒற்றைத் தலைவலி வந்தபோதுதான். நரம்பியல் மருத்துவர் வலியைப் பற்றிக் கொஞ்சம்தான் விசாரித்தார், "அதுக்கு முந்தின நாள் எப்படி இருந்தீங்க?" என்பதிலேயே நின்றார். மகள் விழித்தாள். பதில் சொன்னவள் என் மனைவி: ஓயாத கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். மருத்துவர் தலையாட்டினார். வலி வருவதற்குச் சில மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை முன்பாகவே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுமாம். திடீர் இனிப்பு ஆசையும் அதன் அடையாளமாக இருக்கலாமாம். பாவம், அத்தனை வருஷமும் மிட்டாய் வீண்பழி சுமந்திருக்கிறது.

சிலருக்கு வலிக்குச் சற்று முன் கண்ணில் நெளிநெளியாக ஒளிக்கோடுகள் மின்னும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். ஹ்யூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் தான் கண்ட அந்தக் கோடுகளை 1870-இல் படமாகவே வரைந்து வெளியிட்டார். அண்ணி தனக்கும் அப்படித் தெரிவதாகச் சொன்னபோது "கண்ணாடி மாத்தணும்" என்றதோடு வீட்டில் விட்டுவிட்டார்கள்.

மகள் இப்போது ஒரு நோட்டில் தூக்கம், சாப்பாடு, மாதவிலக்கு, வலி எல்லாம் குறித்து வைக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வலி தொடங்கியதுமே போட்டுக்கொள்கிறாள். ஆனால் அடிக்கடி அல்ல. சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாள், அதற்கு மேல் என்று தொடர்ந்து விழுங்கினால், அதுவே தலைவலியைக் கொண்டுவரும். இடி விழுந்தாற்போல் திடீரென வரும் வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி: இவற்றுக்கு நோட்டும் வேண்டாம், யோசனையும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

முன்னால் வருவதெல்லாம் காரணம் என்று நினைத்துவிடுகிறோம். சில, தகவல் சொல்ல வந்தவை. அந்தத் தகவல் பல நேரம் நோயாளியைவிடப் பக்கத்தில் இருப்பவர் கண்ணில்தான் முதலில் படும். வீட்டில் ஒருவர் வழக்கம் மாறிக் கொட்டாவி விட்டுச் சிடுசிடுத்தால், பதிலுக்குச் சண்டை பிடிக்காமல் அன்றைய வேலையில் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள். வலி வராமலே போனாலும் நஷ்டமில்லை.