கல்குடா நிருபரும் கட்டற்ற மென்பொருளும்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளை வாசித்து வளர்ந்தவர்களுக்கு ‘கல்குடா நிருபர்’ என்பவரைத் தெரிந்திருக்கும். செய்தியின் தலைமாட்டில், அடைப்புக்குறிக்குள், ஊர்ப் பெயரோடு நிற்பவர். பெற்றோர் இட்ட பெயர் அவருக்கு அச்சில் கிடையாது. ஏறாவூர், வாழைச்சேனை, அக்கரைப்பற்று என்று கிழக்கின் பல ஊர்களுக்கும் இப்படி ஒருவர் இருந்தார். நான் அறிந்தவர்களுள் பலர் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள்; வேலை முடிந்தபின் எழுதியவர்கள். கிடைத்த சன்மானம் பஸ் கட்டணத்துக்கே காணாது. அவர்கள் அனுப்பிய செய்திகளைச் செப்பனிடும் மேசையில் நான் பல ஆண்டுகள் இருந்தேன். பணத்தைப் பற்றி அவர்கள் அதிகம் கேட்டதில்லை. “என்ட பேர ஒருக்காப் போடுங்களன், ஐயா” என்று கேட்டவர்கள் உண்டு.

கட்டற்ற மென்பொருளைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வருகிறது. கல்குடாக் கரையில் கரைவலை இழுத்தால், கயிற்றில் கை வைத்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. மடியில் விழுந்த மீன் குறைவாயினும் பங்கு பங்குதான். கட்டற்ற மென்பொருளை எழுதுபவருக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் பெரும்பாலும் மீன் இல்லை. பெயர் ஒன்றே பங்கு. அதையும் கொடாமல் விட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறியபோது கல்குடாவும் பாசிக்குடாவும் தப்பவில்லை. காணாமற் போனவர் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார், எந்த நிறுவனம் எதைக் கொண்டுவந்தது என்பவற்றை ஓரிடத்தில் திரட்டுவதே அந்நாட்களில் பெரும்பாடு. கொழும்பில் கணினித் துறையினர் தம் வேலைகளை ஒதுக்கிவிட்டு, இப்பணிக்காக ‘சஹன’ என்ற கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினர். நிவாரணம் என்பதற்கான சிங்களச் சொல் அது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. சமூக நலத் திட்டங்களுக்கான 2006ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு வழங்கியது. நம் கரையின் துயரத்திலிருந்து பிறந்த கருவி உலகெங்கும் போனது எனக்குப் பெருமைதான். ஆயினும் அதை எழுதியவர்களுள் ஒருவரின் பெயரையாவது சொல்லும்படி நம்மவரைக் கேட்டால், விழிப்பவர்களே அதிகம்.

பெயரைக் காக்கும் ஏற்பாடுகள் இத்துறையில் இல்லாமலில்லை. லினக்ஸின் உட்கருவோடு, பங்களித்தோரின் பெயர்களைத் தாங்கிய கோப்பு ஒன்று 1990களிலிருந்தே சேர்ந்து வருகிறது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’, ஒரு திருத்தத்தை எழுதியவர் யார், அதைச் சேர்த்தவர் யார் என்று இருவரையும் வேறு வேறாகக் குறித்துவைக்கிறது. எழுதிய நிருபரையும் செப்பனிட்ட உதவி ஆசிரியரையும் தனித்தனியே காட்டுகின்ற பத்திரிகை ஒன்றை நான் கண்டதில்லை!

மொழிபெயர்ப்பாளரின் நிலை கொஞ்சம் வேறு. க்னோம், கேடிஇ ஆகிய மேசைத்தளங்களில் மொழிபெயர்ப்புக்கு வரும் தொடர்களுக்கு நடுவே விசித்திரமான தொடர் ஒன்று உண்டு. அதை மொழிபெயர்க்கக் கூடாது. அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தம் பெயரை எழுதவேண்டும். ‘இம்மென்பொருள் பற்றி’ என்ற சாளரத்தைத் திறப்பவருக்கு அப்பெயர் தெரியும். ஆனால் மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்பில் ‘கடைசி மொழிபெயர்ப்பாளர்’ என்றொரு வரியும் இருக்கிறது. இருநூறு தொடர்களை ஒருவர் தமிழாக்கியிருக்க, பின்னர் வந்தவர் ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தினாலும் அந்த வரியில் வந்தவர் பெயரே ஏறும். முன்னவரின் பெயரை மேலே குறிப்பாக எழுதிவைப்பது வந்தவரின் பண்பைப் பொறுத்தது. பண்பை நம்பிய ஏற்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பது பத்திரிகைக்காரனுக்குத் தெரியும்.

இவ்விடயத்தில் மதுரைத் திட்டத்தாரை நான் மெச்சுவேன். 1998 பொங்கலன்று சுவிற்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிவைத்த முயற்சி அது. மென்பொருளன்று, மின்னூல்தான், உழைப்பு அதே வகை. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் மின்னூலின் முகப்பிலேயே இருக்கும். யாரும் இலவசமாகப் பரப்பலாம், முகப்பை மட்டும் அப்படியே வைத்திருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. இவ்வளவு சிறிய நிபந்தனையையும் பொறுக்காமல், முகப்பை வெட்டிவிட்டு நூலை மாத்திரம் ஒட்டிய பக்கங்கள் பலவற்றைக் கண்டிருக்கிறேன்.

மிகையாகப் போனாலும் சங்கடமே. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பழைய உரிமம் விளம்பரங்களிலும் நன்றிக்குறிப்பு வேண்டும் என்றது. மற்றவர்களும் அதைப் பின்பற்றித் தத்தம் பெயரைச் செருக, 1997ஆம் ஆண்டு நெட்பிஎஸ்டி பதிப்பொன்றில் அத்தகைய 75 வாக்கியங்களை ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிக் காட்டினார். 1999இல் பல்கலைக்கழகமே அவ்விதியை நீக்கியது. பெயர் உழைப்பின் அருகில் இருந்தால் போதும், மதில் தோறும் வேண்டியதில்லை.

கிழக்கிலிருந்து பார்க்கையில் இன்னொன்றும் உண்டு. பெயர் தெரிவது எல்லாருக்கும் எக்காலத்திலும் நன்மை அன்று. ‘நெல்லை’ நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘தராக்கி’ என்ற பெயரில் எழுதிய மட்டக்களப்பு மைந்தர் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அந்நாட்களில் ‘கல்குடா நிருபர்’ என்ற அடைப்புக்குறி சிலருக்குக் கவசமாகவும் இருந்தது. ஆகவே பட்டியல் போடுபவர் முதலில் உரியவரைக் கேட்கவேண்டும்: பெயர் வேண்டுமா, வேண்டுமாயின் எந்தப் பெயர்?

லினக்ஸ் உட்கருவுக்கு நிரல் அனுப்புபவர் தம் உண்மைப் பெயரில் ஒப்பமிடவேண்டும் என்பது நெடுங்கால விதி. 2023இல் அதன் வாசகம் மாற்றப்பட்டது. அநாமதேயம் இன்றும் ஆகாது. ஆனால் பலரும் அறிந்த அடையாளம் இருந்தால் போதும். இவ்விதிப்படி ‘தராக்கி’ என்று ஒப்பமிட்டும் ஒருவர் நிரல் அனுப்பலாம்.