குறைந்துபோன ஒரு குண்டு

ஒரு சின்ன இரும்புக் குண்டு என்னை ராத்திரி முழுக்கத் தூங்க விடாமல் பண்ணிய கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்க அப்பா பழைய ஃபோர் வீல் ஜீப் ஓட்டுகிறார். விடிகாலையில் போடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போவார். எங்க அம்மாவும் அதே ஜீப்பில்தான் வேலைக்குப் போகிறாங்க.

போன ஆடி மழையில் தோட்டத்து மண் ஏற்றத்தில் ஏறும்போது, போட்டிருந்த லோ கியர் தானாகவே கழன்றுகொண்டது. ஜீப் பின்னால் உருள ஆரம்பித்தது. பொம்பளைங்க எல்லாரும் கத்திவிட்டார்களாம். அப்பா பிரேக்கை மிதித்துப் பிடிக்க, ஒரு அண்ணன் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றைக்கு அம்மா சாப்பிடவே இல்லை.

கோளாறு டிரான்ஸ்பர் கேஸில் என்று அப்பா சொன்னார். கியர் பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இரும்புப் பெட்டி அது. இன்ஜினின் சக்தியைப் பின் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அதற்கு இரண்டு சின்ன லீவர். ஒன்று முன் சக்கரத்தைச் சேர்க்க, இன்னொன்று ஹை, லோ மாற்ற. முன் சக்கரத்தைச் சேர்த்தபடி காய்ந்த தார் ரோட்டில் ஓட்டக் கூடாதாம். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் போகாது, பெட்டிதான் முறுகும். சேறும் மண்ணும் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும்.

எங்கள் பெட்டியில் சீல் ஒழுகி ஆயில் குறைந்திருக்கிறது. அதனால் நடுத்தண்டு தேய்ந்து, அதன்மேல் ஓடும் பல்சக்கரமும் ஆடிப்போய்விட்டது. புதிசு வாங்கப் பணம் இல்லை. ஜீப்பை எடைக்குப் போட்டுவிடலாம் என்றுகூட வீட்டில் பேச்சு வந்தது. எனக்கு அழுகையாக வந்தது.

அப்பாவும் நானும் காயலாங்கடைகளில் தேடினோம். 1941-ல் அமெரிக்கப் பட்டாளத்துக்குச் செய்த வில்லிஸ் ஜீப்பிலும் இதே மாதிரிப் பெட்டிதானாம். அதிலிருந்து வந்த வகை என்பதால் பழைய சாமான் கிடைக்கும். ஆனால் கண்டதும் வாங்கக் கூடாது. நடுத்தண்டின் கனம் இடையில் மாறியிருக்கிறது. முதல் கடையில் இருந்தது ஒரு இஞ்சு ஒரு நூல். எங்களுடையது ஒன்றேகால் இஞ்சு. மூன்றாவது கடையில்தான் அளவு சரியாக இருந்தது. அந்தப் பெட்டி வெளியே விரிசல், உள்ளே பல்சக்கரம் நல்லது. இரண்டையும் கழற்றி ஒன்றாக்குவது என்று முடிவு பண்ணினோம்.

எல்லாவற்றையும் நான்தான் மண்ணெண்ணெயில் கழுவினேன். பல் ஒவ்வொன்றையும் நகத்தால் தடவிப் பார்க்கணும். நகம் தட்டினால் அது ஆகாது. பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுற்றணும். கரகரவென்றால் தூக்கிப் போடணும். “எது பழசு போட்டாலும் சீல் மட்டும் பழசு போடாதே” என்பார் அப்பா. கடைசியில் ஷிம் என்று காகிதம் மாதிரித் தகடு வைப்பார்கள். குறைத்தால் பேரிங் இறுகிச் சூடாகும், கூட்டினால் தண்டு ஆடும். பெட்டி முடிந்ததும் நான் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். லோவில் உள்ளே வரும் தண்டு கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றினால்தான் வெளியே போகும் தண்டு 1 சுற்று. வேகம் குறைகிறது, இழுக்கும் பலம் கூடுகிறது. நம் அறிவியல் பாடம் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது!

இனிமேல்தான் விஷயம். லீவர் கம்பி நகராமல் இருக்க ஒரு ஸ்பிரிங்கும் ஒரு குண்டும் அழுத்திப் பிடிக்கும். பெட்டியைக் கவிழ்த்து வைத்து அப்பா கம்பியை நுழைக்கும்போது, குண்டை ஸ்குரூ டிரைவரால் அமுக்கிப் பிடிப்பது என் வேலை. கை வழுக்கியது. குண்டு தெறித்துவிட்டது. “கீழே எங்கயாவது விழுந்திருக்கும்” என்று அப்பா தேடினார். காந்தம் வைத்தும் கிடைக்கவில்லை. சைக்கிள் கடையில் அதே அளவு பால்ரஸ் குண்டு வாங்கிப் போட்டார். பெட்டியை மூடி, ஜீப்பில் மாட்டி, ஆயிலும் ஊற்றியாச்சு. விடிந்தால் சவாரி.

ஆனால் குண்டு தெறித்தபோது எனக்கு ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மண் தரையில் விழுந்தால் டிங் என்று கேட்காதே! அப்பவே சொல்லியிருக்கலாம். என் கைதானே வழுக்கியது, திட்டு விழும் என்று வாயை மூடிக்கொண்டேன். பாயில் படுத்தால் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் அம்மா தூங்குகிறாங்க. அந்தக் குண்டு பல்லுக்கு நடுவில் மாட்டினால்?

எழுந்துபோய் அப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு ஜீப்புக்கு அடியில் படுத்தார். கழுவிய சட்டியில் ஆயிலை இறக்கி, பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். அதன் மூலையில், ஆயிலில் குளித்துக்கொண்டு, என் குண்டு! பெட்டி கவிழ்ந்து இருந்ததால் உள்ளே மேல்பக்கம் ஒட்டியிருந்து, நிமிர்த்தியதும் கீழே வந்திருக்கிறது.

“இதை நீ நாளைக்குச் சொல்லியிருந்தா பிரயோஜனமே இல்ல, ஆத்தா” என்று மட்டும் சொன்னார். திட்டவே இல்லை. மறுபடி மூடி, ஆயில் ஊற்றும்போது சேவல் கூவிவிட்டது.

அன்றைக்கு ஜீப் அந்த ஏற்றத்தில் லோ கியரில் முனகிக்கொண்டே ஏறியதாம். அம்மா சாயங்காலம் வந்து சொன்னாங்க. கியர் கழலவில்லை.

தோழிகளே, கை வழுக்குவது எல்லாருக்கும் நடக்கும். அது தப்பு இல்லை. தெரிந்தும் மூடி வைக்கிறதுதான் தப்பு. அந்தக் குண்டு இப்போது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. யாருக்காவது பார்க்க ஆசை என்றால் கேளுங்கள், காட்டுகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி